மூக்கோடு மூக்கு முட்டிய இரண்டு அம்புகள்

காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சி போனில் பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள், அதனால் அவளும் சௌக்கியம்தான். உங்கள் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். ராஸ் அல் கைமாவில் ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் இப்போது வெள்ளி, சனி இரண்டு நாள் லீவு. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் அதே ஒற்றை வெள்ளிதான். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நேற்று என் முதலாளி அபு சயீத் வீட்டுக்குப் போயிருந்தேன், அவருடைய அப்பாவின் கைத்துப்பாக்கியைத் துடைத்து வைக்க. அங்கே ஒரு சங்கதி தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பரவாயில்லை, கேளுங்கள்.

அபு சயீத்தின் அப்பா அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் டிரைவர். நடுவில் மடங்கித் திறக்கிற அந்த ஆறு குண்டு ரிவால்வரை முறையாக வாங்கியதாகத்தான் அவர் கடைசிவரை சொன்னார். சொந்தக்காரர்களோ, கூடாரத்தில் திருடியது என்று பேசினார்கள். சுட முடியாதபடி போலீஸ் அதன் ஊசியை எடுத்துவிட்டு, வைத்துக்கொள்ளலாம் என்று சீட்டு கொடுத்திருந்தும், அபு சயீத் அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. அப்பா திருடரா இல்லையா, அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர், இப்போது இங்கேயே சிமெண்ட் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் என்று நான்தான் பெருமையடித்தேன். அபு சயீத் ஒரு வியாழக்கிழமை அதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் நீங்கள் வருவதாக ஏற்பாடு.

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? மாப்பிள்ளைக்கு இப்படியா காட்டுவது என்று உப்புத்தாளை எடுத்து ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டேன்.

நீங்கள் வந்ததும் முதலில் அதைத் திறந்து, குண்டு இருக்கிறதா என்று ஆறு ஓட்டையையும் பார்த்தீர்கள். "போலீஸ் பாத்தாச்சு மாப்ள" என்றேன். "நான் பாக்கலையே மச்சான்" என்றீர்கள். பிறகு திருப்பினீர்கள். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன், பளபளன்னு இல்ல?"

"அது அழுக்கு இல்ல மச்சான், அதோட தோலு. தோலை உரிச்சிட்டு பளபளன்னு இருக்கான்னு கேக்கறீங்களே!"

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நீங்கள் குரல் உயர்த்தியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கே ஒரு பாட்டு விழுந்திருக்கும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் காட்டினீர்கள். துப்பாக்கியின் உடம்பில் சின்னதாக ஓர் அம்புக்குறி. வெள்ளைக்கார சர்க்கார் தன் சாமானில் எல்லாம் போடும் முத்திரையாம். வேண்டாம் என்று விற்கும்போது அதற்கு எதிரே இன்னொரு அம்பை, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி அடிப்பார்களாம். ஒன்று இருந்தால் சர்க்கார் சொத்து. இரண்டு இருந்தால் விற்ற சாமான்.

அங்கே ஓர் அம்புதான் இருந்தது. எதிரே நான் தேய்த்த வெறும் இரும்பு. "தேய்க்கும்போது எதனா பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்டீர்கள். நான் எங்கே பார்த்தேன்?  ஒரு மனிதனின் அப்பாவைத் திருடன் என்று அந்தத் துப்பாக்கியே சாட்சி சொல்லும்படி என் கையாலேயே ஆக்கிவிட்டேன். வேலையும் போய் விசாவும் போகும் என்ற பயம் வேறு.

"மாப்ள, நான் இருபது வருஷ மெஷினிஸ்ட். சின்ன உளி, மூணு கோடு, அம்பு ரெடி. அஞ்சு நிமிஷம் போதும்."

நீங்கள் கோபப்படவில்லை. "ஒண்ணு போலின்னு தெரிஞ்சா, நெஜமா இருக்கறதையும் எவனும் நம்ப மாட்டான் மச்சான். முத்திரைய ஒரே எடத்துலயா அடிப்பான்? வேற எங்கனாவும் அடிச்சிருப்பான், தேடுவோம்" என்றீர்கள்.

குழலுக்கு அடியில், கீல் பக்கத்தில், பழைய கிரீஸ் கல்லாய் இறுகிக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது, தீக்குச்சியால் மெல்லச் சுரண்டுவது, மறுபடி ஒரு சொட்டு. வாங்கிவந்த பிரியாணி ஆறிப்போனது. எனக்குப் பசி, உங்களுக்கு அதுகூட இல்லை. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரத்தில் கறுப்பு விலகி, எள்ளளவு அம்பு ஒன்று தெரிந்தது. அதற்கு நேர் எதிரே இன்னொன்று. மூக்கோடு மூக்கு! வாய்விட்டுச் சிரிக்காத மனிதர் நீங்கள், என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துச் சிரித்தீர்கள்.

அபு சயீத் வந்து லென்ஸில் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "யாபா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. தேய்த்த பக்கத்தைப் பற்றிக் கேட்கப்போகிறாரே என்று நான் டீ போடும் சாக்கில் ஓடிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. பழசாகித் தேய்ந்தது என்று நீங்கள் சமாளித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அது அவர் வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்படிதான் எல்லாம் செய்கிறேன். வெறுங்கையால் தொடுவதில்லை, வியர்வை உப்பு அரிக்கும். தோல் உறையில் போடுவதில்லை, கடற்காற்றின் ஈரத்தை உறை குடித்துவிடும். மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித்துணி, அவ்வளவுதான்.

நேற்று துடைத்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. "அர்பாப், இந்தப் பக்கத்தை நாசம் பண்ணியது நான்தான்" என்று முதலாளியிடம் இந்தியில் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "உன் மாப்பிள்ளை அன்றைக்கே சொன்னான், தான்தான் போனில் தேய்க்கச் சொன்னதாக. துப்பாக்கி தெரிந்தவன் அப்படிச் சொல்வானா? நீ டீ போட ஓடிய ஓட்டமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது! என் அப்பாவுக்காக உண்மையைத் தேடித் தந்தவன், உனக்காக ஒரு பொய் சொன்னான். சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன். மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினை இல்லை."

மாப்பிள்ளை, மூன்று பொய்க் கோடு போட என்னை விடாத ஆள் நீங்கள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன், அதற்குப் பயந்தா? வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது. மனசு இப்போது லேசாக இருக்கிறது.

இனி அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் யார் நின்று, ஒரு பக்கம் ஏன் இப்படி என்று கேட்டாலும், இது என் கை செய்த வேலை என்று நானே சொல்வேன். நீங்கள் ஏற்றுக்கொண்ட பழியை உங்கள் பேரில் இருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் பேச்சுக்கு அடங்கிய,
உங்கள் மனைவியின் ஒரே அண்ணன்,
உங்கள் மச்சான்.