நீல டேப்பும் ஒரு துண்டும்

பெரம்பலூர்
10.2.2025

அன்பும் அதட்டலும் சரிபாதியான ஜெயசுதா அக்காவுக்கு,

நாடகம் முடியும்வரை போனை அணைத்து வைத்துவிட்டாய். அதனால் இந்தக் கடிதம் உன் குழுவில் ஆடும் பானுப்ரியா அக்கா கையில், அரியலூர் பஸ்ஸில் வருகிறது. அங்கே நீ ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாய்; இங்கே கணக்கு சார் எனக்கு ஆட்டம் காட்டுகிறார். அம்மா தோசை திருப்பும்போது உன்னை மாதிரியே "ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணி அடி வாங்கினேன். ஆனாலும் நம்ம பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதை எட்டுப் பேர் ஆடும் ஆட்டமாக்கினாயே, நீ பெரிய ஆள்தான்!

ஞாயிறு நான் பார்க்க வந்த ஒத்திகையில் விழுந்த மணிவண்ணன் அண்ணனுக்குக் கால் எப்படி? சும்மாதான் கேட்கிறேன்.

பேரில் மட்டும் அழகன்,
தமிழழகன்

அரியலூர்
11.2.2025

தம்பிக்கு,

கணுக்கால் பிசகி ஆண்டிமடத்தில் அவன் வீட்டில் படுத்திருக்கிறான். ஆளுக்கொரு நிறத்தில் நான் தரையில் டேப் ஒட்டித்தான் இடம் குறிப்பேன், உனக்கே தெரியும். முன்னால் தள்ளி நின்று குதித்து மேடையிலிருந்து விழுந்துவிட்டு, "நீல டேப்புலதான்க்கா நின்னேன்" என்று சாதித்தான். தப்பைக்கூடப் பொறுப்பேன், பொய்யைப் பொறுக்க மாட்டேன். எல்லார் முன்னாலும் "இனி வராத" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நாடகம்.

நீ எதையும் சும்மா கேட்கிறவன் இல்லையே?

ஜெயசுதா

பெரம்பலூர்
12.2.2025

அக்கா,

இந்தத் தடவை சிரிக்க ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது, நீல டேப்பை உரித்து ஓரடி முன்னால் ஒட்டியது நான்தான். மேடை ஓரத்தைப் பார்த்துத் தடுமாறுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் ஓரத்தைப் பார்க்கவே இல்லை. உன் டேப்பை நம்பிக் குதித்துவிட்டார்.

நீ திட்டும்போது தூணுக்குப் பின்னால்தான் நின்றேன். நான்தான் என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். சனிக்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டுவிடு. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

தமிழழகன்

அரியலூர்
16.2.2025

தமிழழகனுக்கு,

உன் கடிதத்தோடு ஆண்டிமடம் போனேன். மணிவண்ணன் இரண்டு தடவை படித்தான்.

"அது வெளயாட்டுப் புள்ள, வுடுங்க. பத்து வருஷமா உங்ககூட ஆடுறேன். ஒரு தடவ குனிஞ்சு அந்த டேப்பப் பாத்திருக்கலாம்லக்கா?"

இனி வரமாட்டானாம்.

நேற்று ஏழு பேர்தான் ஆடினார்கள். நீல டேப்பை அதன் இடத்திலேயே ஒட்டி, மேலே அவன் துண்டைப் போட்டு வைத்தேன். யாரும் மிதிக்காமல் அதைச் சுற்றியே ஆடினார்கள். எவரோ இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

நீ கொஞ்ச நாள் ஒத்திகைப் பக்கம் வராதே. துண்டை நான் இன்னும் எடுக்கவில்லை.

அக்கா