லிஃப்டில் ஏறாத எடைக்கல்

அன்பு மகளுக்கு, அண்ணன் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருப்பாய். இங்கே சித்தி சுகம், அவள் தம்பி சுகம், நானும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத்து கோணினால் பேனாவைத் திட்டு. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் கிடங்கில் சரக்கு லிஃப்டைப் பழுது பார்த்தால் முதலில் ஏறி மேல்மாடிவரை போய் வருவது நான்தான், இந்த உடம்புக்குக் கிடைத்த பதவி, பெயரே எடைக்கல், நான் இறங்கி வந்து தலையாட்டினால்தான் முதலாளியே மூச்சு விடுவார். போன வாரம் மெக்கானிக் லிஃப்டைத் தூக்கும் இரும்பு ரோப்புக்கு கிரீஸ் பூசிவிட்டு ஏறுங்கண்ணே என்றான். நிமிர்ந்து பார்த்தேன். கிரீஸுக்கு அடியில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. புலியின் பல்லைப் பிடித்துப் பார்த்தவன் நான், உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிட்டேன் மகளே.

நீயும் எச்.ஆர். வேலை பார்ப்பவள், உயிருக்கு ஆபத்துன்னா செய்ய மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு சித்தப்பா, ஆனா காரணத்தையும் சொல்லணும் என்று அன்றே சொன்னாய். முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது. எங்கள் எச்.ஆர். அம்மாவிடம் ஏற மாட்டேன் என்றேன். ஏன் என்றார். அத்தனை பேர் நிற்கிறார்கள், பயம் என்று எப்படிச் சொல்வது? என் முதுகெலும்பைப் பார்த்து பெரிய டாக்டரே அசந்துபோய் ஓய்வெடுக்கச் சொன்னதாக அளந்துவிட்டேன். நல்ல பெண், நாற்காலி போட்டு, உடம்பைப் பாத்துக்குங்கய்யா, வேற ஆளை ஏத்திக்கிறோம் என்றார்.

அந்த வேறு ஆள், எங்கள் கிடங்கிலேயே மூட்டை தூக்கும் சித்தியின் தம்பி. நாளைக் காலையில் ஏறுகிறான். ஒல்லி என்பதால் எடைக்கு மூட்டைகளும் கூடவே போகுமாம். ரோப் சரியில்லடா என்று கெஞ்சினேன், போன மாசம் புலிக்கதை, இப்ப ரோப் கதையா மாமா என்று சிரிக்கிறான். சித்தி சந்தோஷமாக அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். மேலே ஃபேன் கிறீச்சிட்டால் எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது.

காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் எச்.ஆர். அம்மாவிடம் சொல்லப்போகிறேன், ரோப் அறுந்திருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, அவனும் ஏறக்கூடாது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், பிறந்ததிலிருந்து இவ்வளவு சின்னதாக நான் எதுவும் பேசியதில்லை. நம்பவில்லை என்றால் லிஃப்ட் வாசலில் படுத்துக்கொள்வேன், என்னை நகர்த்தக் கிடங்கில் ஆள் கிடையாது, இது மட்டும் புளுகில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நீண்ட நாள் நன்றாக இரு. உன் ஆபீசில் யாராவது முதுகுவலி, ஏற மாட்டேன் என்று வந்து நின்றால், நாற்காலி போட்டுவிட்டு இன்னொரு தடவை கேள் அம்மா.

உன்,
எடைக்கல் சித்தப்பா