அம்மாவின் தண்டட்டி

8.8.1982
காலையில் தங்கச்சி செல்லத்தாய் வந்தாள். 29-ஆம் தேதி அழகர்கோவிலில் மகளுக்கு மொட்டை, காதுகுத்து. பிள்ளைக்கு எங்கள் அம்மா பேர், முத்துத்தாய். நான் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வயது. “மாமா மடியில உக்காந்தா வலிக்காதுல்ல?” என்றது. வலிக்காது என்றேன். பொய்தான்.

15.8.1982
அம்மா சாகும்போது பேத்திக்கென்று கொடுத்த தண்டட்டிகளை அழித்துத் தோடு செய்யக் கொடுத்தேன். ஆசாரி உடைத்துக் காட்டினார். உள்ளே முக்கால்வாசி அரக்கு. குன்றிமணி அளவில் ஒரு ஜோடி தோடுதான் தேறியது. என் மனைவி ரெங்கம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு விழவில்லை. அம்மா காதில் கிடந்த பொன், போதாதா?

22.8.1982
மழை. மில்லுக்குப் போகவில்லை. ஆத்தாவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்தாயிற்று.

29.8.1982
அழகர்கோவிலிலிருந்து இப்போதுதான் வந்தோம்.

பெரியப்பா மகன் விருமாண்டி, இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன், கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்தான். ஸ்டீல் பீரோ, கிரைண்டர், பிள்ளைக்குக் கனத்த ஜிமிக்கி. நான் மனையில் உட்காரப் போனேன். செல்லத்தாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்கிறாதண்ணே. அவுகளும் மாமன்தான. இம்புட்டுச் செஞ்சிருக்காக. உன் தோட்டை அப்புறமாப் போட்டுக்கிருவோம்.”

அத்தனை பேர் முன்னால். கூடப் பிறந்தவன் நான் ஓரமாக நின்று பார்த்தேன். விருமாண்டி மடியில் இருந்துகொண்டு பிள்ளை என்னைப் பார்த்து “மாமா, மாமா” என்று கதறியது.

ஏன்டி செல்லத்தாயி, அப்பன் செத்தப்ப உன்னயத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சது யாருடி? அந்தப் பீரோவா?

சாப்பிடாமல் வந்துவிட்டோம். ரெங்கம்மாள் தோட்டைக் கேட்டாள். பெட்டியில் வைத்துவிட்டேன் என்றேன்.

30.8.1982
நேற்று எழுதாதது. தோடு பெட்டியில் இல்லை. வரும்போதே கருப்புசாமி உண்டியலில் போட்டுவிட்டேன். வேண்டுதலா? இல்லை, ஆத்திரம். செல்லத்தாய் கையில் ஒருநாளும் அது போய்ச் சேரக்கூடாது.

4.9.1982
யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

12.9.1982
செல்லத்தாய் கீழக்குயில்குடியிலிருந்து தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜிமிக்கி கனத்தில் இரண்டு காதும் இழுபட்டுச் சீழ் வைத்திருக்கிறது. யாரையும் தொடவிடவில்லையாம். மாமாதான் கழற்ற வேண்டுமாம்.

அவள் வாசல்படி ஏறவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. பிள்ளை தானாக ஓடிவந்து என் மடியில் ஏறியது.

“வலிக்குமா மாமா?”

“வலிக்கும் ஆத்தா.”

பல்லைக் கடித்துக்கொண்டது. அழவில்லை. ஜிமிக்கியைக் கழற்றி, சீழைத் துடைத்து, மஞ்சளும் எண்ணெயும் தடவி, ஓட்டை தூர்ந்துபோகாமல் இரண்டு வேப்ப ஈர்க்கைக் கிள்ளிச் செருகினேன். மொட்டைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

வாசலில் நின்றபடியே செல்லத்தாய் கேட்டாள். “அண்ணே, நான் செஞ்சது தப்புத்தான். அம்மா தோட்டைக் குடுண்ணே. அதுதான் இவளுக்கு லேசா இருக்கும்.”

ரெங்கம்மாள் பெட்டிச் சாவியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“பெட்டியிலதான் இருக்கு. மொதல்ல காது ஆறட்டும்” என்றேன்.