கொக்குச் சிறகில் நீலம்

அன்பு மகள் கினுயேக்கு, அம்மா எழுதுவது. நீ வேலை பார்க்கும் நகோயாவில் குண்டு விழுந்த செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் மகள் மிட்சுவுக்கு இப்போது ஒன்றுமில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

ஹோஷி வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம், மெத்தை உறைக்கு நீலச் சாயத்தில் வெள்ளைக் கொக்குப் போட்டுத் தரச் சொல்லித் துணியோடு பசைக்கு வேண்டிய ஒட்டரிசியும் கொண்டுவந்தார்கள். நாங்களோ முள்ளங்கித் தழையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், பிள்ளைக்கு ஒரு பிடி கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டேன். அடுத்தவர் அரிசியில் கைவைக்காதே என்றார் உன் அப்பா, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அரிசியில் ஒரு பங்கை மாவாக்கி, தவிடும் உப்பும் சேர்த்து அவித்து, கொக்கின் மேல் சாயம் ஏறாதபடி அச்சுத்தாளை வைத்துப் பசை இழுத்து, துணியைக் கொட்டகையில் காயப்போட்டார். அவுரிச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்த பிறகுதான் ஒரு கொக்கின் சிறகில் பசை போய் நீலம் ஏறியிருந்தது தெரிந்தது. எலி வேலை என்று திட்டிக்கொண்டே, மீந்த பசையில் எலி மருந்தைப் பிசைந்து உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைத்துவிட்டார்.

நான் ஆற்றில் பனிக்கட்டியை உடைத்துத் துணியை அலசினேன். பசை கரைந்து கொக்கெல்லாம் வெள்ளையாக வந்தது, அந்தச் சிறகில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நாலு நீலக் கோடு, சின்ன விரலால் வழித்த மாதிரி. எலிக்கு ஏது விரல்? துணியை ஆற்றோடு விட்டுவிட்டு ஓடினேன். மிட்சு கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள், உதடெல்லாம் பசை. தின்றாயா என்று உலுக்கினால், "கசந்துச்சு பாட்டி, துப்பிட்டேன்" என்கிறாள். எப்படி நம்புவது? இருவருமாகப் பிடித்து உப்புத் தண்ணீர் ஊற்றிக் கக்க வைத்தோம், வெறும் தண்ணீர்தான் வந்தது, மறுபடி ஊற்றினோம், மறுபடியும் தண்ணீர்தான். விழுங்கவில்லை, பிழைத்துக்கொண்டாள் என்று நான் சாமியைக் கும்பிட்டேன். உன் அப்பாதான், "பிள்ளை வயித்துல ஒண்ணுமே இல்லையேடி" என்றார்.

மிச்ச அரிசியை அவரே உலையில் போட்டு அவளுக்கு ஊட்டினார். இனி ஹோஷி வீட்டாருக்குக் கொடுக்கத் துணியும் இல்லை, அரிசியும் இல்லை. நாளைக்கு உன் அப்பா அவர்கள் வாசலில் போய்த் தலை குனிந்து நிற்கப்போகிறார், அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் மகளே, உன் புருஷனும் போர்முனையிலிருந்து முழுசாக வீடு திரும்ப வேண்டும். அபாயச் சங்கு ஊதினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடு. உன் பங்குச் சோற்றை மிச்சம் பிடித்து இங்கே அனுப்பாதே, நீ தின்னு. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத முடியவில்லை.

உன் அம்மா,
தொமே