கதவு பொருந்தாத வண்டி

ஜனவரி 11

அன்புள்ள நிருபரம்மாவுக்கு,

நான் பிரித்துப் போட்டிருக்கும் பழைய காரின் உடம்பு நடுவில் தொங்கிவிட்டது. தகடு வேலை பார்க்கும் டிங்கர் மாஸ்டர் நேற்று இரண்டு பக்கமும் அளந்து பார்த்துச் சொன்னார். செய்தியையும் சொன்னவரையும் முதலிலேயே எழுதிவிட்டேன். பத்திரிகையில் காலம் தள்ளியவள் நீ, வேறு மாதிரி எழுதினால் படிக்க மாட்டாய்.

தப்பு என்னுடையதுதான். கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் தகடு இரண்டு பக்கமும் துருப்பிடித்துப் போயிருந்தது. முதலில் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பக்கத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டுமாம். நான் வீட்டு வரைபடம் போட்டே வயசானவன். இடமும் வலமும் ஒன்றுபோல வரட்டும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் வெட்டினேன். இப்போது கதவைத் தூக்கி வைத்தால் மேலே இடிக்கிறது, கீழே இடுக்கில் கட்டைவிரல் போகிறது. "நடுவுல தொங்குது பாருங்க. இது வண்டி இல்ல சார், தொட்டில்" என்றார் மாஸ்டர்.

வெளியே தள்ளவும் முடியாது. சக்கரங்கள் இல்லாமல் ஷெட்டில் மரக்கட்டைமேல் நிற்கிறது. இருக்கைகள் நம் அறையில், முன்கண்ணாடி உன் கட்டிலில், இன்ஜின் சாமான்கள் சமையலறை அலமாரியில். நீ வந்தால் உட்காரக்கூட இடமில்லை. இன்னும் இரண்டு மாசம் நம் பெண் பாப்பா வீட்டிலேயே இரு. பேரனைக் கொஞ்சிக்கொண்டிரு. வண்டி முடிந்ததும் அதிலேயே வந்து உன்னை அழைத்துவருகிறேன்.

இப்படிக்கு,
உன் வண்டிக்காரன்

ஜனவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இந்த வீட்டின் சுவர்கள். நான் இருமினால் அடுத்த அறையிலிருந்து "தண்ணி வேணுமாம்மா?" என்று பாப்பா கேட்கிறாள். அவள் பேறுகாலத்துக்கு வந்தேன். பேரன் இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறான், நான் இன்னும் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன். மாப்பிள்ளை நல்ல மனுஷர். "நீங்க இருக்கிறதுல எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல அத்தை" என்கிறார். கேட்காமலே சொல்கிறார். அடிக்கடி சொல்கிறார். எனக்குக் கேட்கக்கூடாது என்று இருவரும் சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போடுகிறார்கள். அப்போது நான் பால்கனிக்குப் போய், காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் உதறிப் போடுகிறேன்.

உங்கள் செய்திக்கு வருகிறேன். எதிர்வீட்டு டீச்சர் போன் செய்திருந்தார். "உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார். ஆனா ஷெட்டுல சத்தமே இல்லையே. மழைக்கு முன்னாடியே நின்னுபோச்சு. காலையில அந்த வண்டிக்குள்ள ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்" என்றார்.

மாஸ்டர் அளந்தது நேற்றா? ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எந்தச் செய்தியும் எழுதியதில்லை. அதனால் உங்களையும் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம்.
நிருபர்

பிப்ரவரி 3

நிருபரம்மா,

டீச்சர் சொன்னது சரி. மாஸ்டர் அளந்தது மழைக்கு முன்னால். "வேற வண்டியோட உடம்பு கிடைக்குதான்னு பாருங்க. இல்லேன்னா காயலான்கடைக்குப் போட்டுடுங்க சார்" என்று அன்றே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஸ்பானரைத் தொடவில்லை. எடுத்துப் போட மனசில்லை, வேலை செய்யக் கை வரவில்லை. புலிவாலைப் பிடித்த கதைதான்.

உன்னிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவாய். வந்து, "சரி, போட்டுத் தொலைங்க" என்பாய். நீ சொன்னால் போட்டுவிடுவேன். அப்புறம் காலையில் எழுந்து நான் எங்கே போவது? வேலையை விட்ட பிறகு எனக்கென்று இருப்பது அந்த ஷெட் ஒன்றுதான்.

நல்ல சேதியும் இருக்கிறது. மாஸ்டரை மறுபடி கூப்பிட்டேன். நடுவில் ஜாக்கி கொடுத்து, சங்கிலி போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்கிறார். நிமிர்ந்தாலும் நிமிருமாம். மார்ச்சில்தான் அவருக்கு நேரம் ஒழியும். அதுவரை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் வண்டிக்காரன்

பிப்ரவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் பாப்பா வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பிவிட்டேன். சொல்வது நானேதான், வேறு சாட்சி வேண்டாம். ஆனால் நம் வீட்டுக்கு வரவில்லை. இங்கேயே இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகம், அதன் மாடியில் ஒற்றை அறை. காலையில் கீழே உட்கார்ந்து பிழை திருத்துகிறேன், சாயங்காலம் பேரனைப் பார்க்கப் போகிறேன். பாப்பா அழுதாள். அழுதுகொண்டே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கோபத்தில் எழுதவில்லை. வண்டியை எடுத்துப் போடச் சொல்லவும் மாட்டேன், அது உங்கள் பாடு. அது நிமிருமா என்று பார்த்துக்கொண்டு இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில் என்னால் இனிமேல் படுக்க முடியாது. அவ்வளவுதான். நேற்று மத்தியானம் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கினேன். எழுந்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

வண்டி ஓடட்டும், வருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பஸ் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் அன்றே திரும்பிப் போங்கள். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீங்கள் வருவீர்களா என்று பாப்பா கேட்டாள். உறுதியாக எதுவும் தெரியாது என்றேன். ஞாயிறு மத்தியான பஸ் வந்ததும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
நிருபர்