அக்காவின் விண்ணப்பம்

அன்புள்ள அக்காவுக்கு, என் மகள் நிவியாக்குக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் நலமில்லை, அதைப்பற்றி அவளே தனியாக நாலு பக்கம் எழுதுவாள். நீயும் உன் படிப்பும் அந்தத் தெற்கு நகரத்தின் சேற்று வசந்தமும் நலம் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். இறந்துபோன என் அக்காவின் பெயரை உனக்கு வைத்த நாளிலிருந்து நம் வழக்கப்படி நான் உனக்குத் தம்பியாகி உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று வயதிலேயே "தம்பி, மூக்கைத் துடை" என்று பத்துப் பேர் நடுவில் என்னை அதட்டியவள் நீ. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் ஆகவேண்டும். கடல் பனி இன்னும் கெட்டியாக இருக்கிறது, போன வாரம் இரண்டு கடல்நாய்கள் கிடைத்தன, கொழுத்த ஒன்றை மலாயாவுக்கு அனுப்பினோம். உன் தோழியைச் சொல்கிறேன், அதாவது அந்த அக்காவின் தோழி. அறுபத்தெட்டு வயதில் இன்னும் தோலைப் பல்லால் மென்று பதப்படுத்துகிறாள், அந்தப் பல்லால்தான் எங்களையும் மெல்கிறாள்.

உன் விண்ணப்பம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. இருபத்து மூன்று பக்கம். ஆறு வருடமாக நான் ஊர் மன்றத்தின் ஆய்வு அனுமதிக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைக்கரடியை எண்ண வந்தவர்கள், பனியில் ஓட்டை போட வந்தவர்கள், நம் மகிழ்ச்சிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கேட்ட ஒரு தாடிக்காரன், எல்லாரையும் பார்த்தாயிற்று. அந்தத் தாடிக்காரனிடம், குழுவில் என்னோடு இருக்கிற மலாயா, "சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டதை அவன் பதில் என்றே எழுதிக்கொண்டு போனான். ஆனால் என் சமையலறையில் வளர்ந்த ஒருத்தி, அதே சமையலறையில் டீ குடிக்க வருகிற ஆட்களிடம் பேசுவதற்கு என்னிடமே எழுத்துமூலம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் இருந்தது. 'இந்தச் சமூகத்தினருடன் நம்பிக்கையான உறவை வளர்த்துக்கொள்வேன்' என்று நீ எழுதியிருந்ததைச் செயலாளர் லீட்டியா படித்தபோது, குழுத் தலைவரான உன் மாமா சிமியோனி, "என் பனிவண்டியை ஏரிக்குள்ள எறக்கினாளே, அந்த நம்பிக்கையா?" என்றார். 'தேவைப்பட்டால் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்படுவார்' என்றதற்கு மலாயா, "இவ பேச்ச நிறுத்தத்தான் ஆள் வேணும், மொழிபெயர்க்க எதுக்கு?" என்றாள். பல்கலைக்கழகம் எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்கிற வாசகம் அது என்று எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சிரிக்கக் கிடைத்ததை விடுவானேன்.

நீ கேட்டிருக்கும் விஷயம் என்னவோ சிரிக்கிற விஷயம் இல்லை. காசநோய் என்று சொல்லி நம் ஊரிலிருந்து கப்பலில் தெற்கே கொண்டுபோனார்களே ஒன்பது பேரை, அவர்களில் என் அக்காவையும் சேர்த்துத் திரும்பாத ஐந்து பேரைப்பற்றி வீட்டுக்கு வீடு கேட்டு எழுதி, பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு ஒத்துப்பார்த்து, எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது. ஏப்ரல் முடிவதற்குள் ஊரின் அனுமதிக் கடிதம் கைக்கு வராவிட்டால் இந்த வருடம் அந்தக் காகிதங்களைத் திறந்து காட்டமாட்டார்கள் என்று நீ ஐந்து ஞாயிறு சொன்னாய். ஐந்து ஞாயிறும் நான் காற்று பலம், விமானம் இறங்கவில்லை, கூட்டம் தள்ளிப்போயிற்று என்றேன். விமானத்துக்கும் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்காதது என் அதிர்ஷ்டம்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் லீட்டியா விதிப் புத்தகத்தை எடுத்து, விண்ணப்பித்தவரின் நெருங்கிய உறவினர் அறையை விட்டு வெளியே போகவேண்டும் என்று படித்தாள். தகப்பன் என்று நான் எழுந்தேன், தாய்மாமன் என்று சிமியோனி எழுந்தார். மலாயாவாவது இருப்பாள் என்று பார்த்தால் அவளும் எழுந்துவிட்டாள். "ஒரே போர்வைக்குள்ள படுத்தவங்க நாங்க, நான் எப்படி நடுநிலையா இருப்பேன்?" என்றாள். லீட்டியா தயங்கித் தயங்கி, அது இறந்துபோனவர், விண்ணப்பித்தது அவருடைய பெயர் வைத்த வேறு ஆள் என்றாள். "பேரு ஒண்ணா இருக்கறப்ப ஆளு எப்படிடி வேறயாகும்? பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று மலாயா கேட்டதோடு அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். நாலாவது உறுப்பினர் கலைமான் வேட்டைக்குப் போயிருந்தார். ஆக, அறைக்குள் லீட்டியாவும் கெட்டிலும் மட்டும். நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் உறைந்த மீனைச் சீவித் தின்றுகொண்டு உன் விண்ணப்பத்தை வரிவரியாகப் பேசி முடித்தோம், ஆனால் வராந்தாவில் பேசியது எதுவும் குறிப்பேட்டில் ஏறாது. இரண்டாவது கூட்டத்தில் சிமியோனி, பெற்றவன் மட்டும் வெளியே போனால் போதும் என்று விதியைத் திருத்தினார். தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று வேறு யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன். அதிலேயே அந்தக் கூட்டமும் போயிற்று.

அப்புறம்தான் உனக்குக் குழுவிடமிருந்து பதினோரு கேள்விகளோடு ஒரு கடிதம் வந்தது. ஒலிப்பதிவுக் கருவி மைனஸ் நாற்பதில் வேலை செய்யுமா, எத்தனை பேனா கொண்டுவருவாய், காகிதங்களை நாய் தின்றுவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன. நீ கோடையில் வருகிறாய் என்பது ஊருக்கே தெரியும். அன்று தொலைபேசியில் நீ, "எவனோ வேலையத்த ஆளு எழுதியிருக்கான்ப்பா" என்று குமுறினாய். நானும், ஆமாம், எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவன் இருப்பான் என்றேன். அக்கா, அதை எழுதியவன் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எழுத்து வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் கேட்டது இரண்டே கேள்வி, மிச்சம் ஒன்பதும் என் சொந்தச் சரக்கு. காற்றும் விமானமும் விதிப் புத்தகமும் பாவம், உன்னைத் தடுத்தது நான் ஒருவன்.

உன் விண்ணப்பத்தின் பதினாறாம் பக்கத்தில், பேசுகிறவர்களுக்கு 'லேசான மனச்சங்கடம்' வரலாம், வந்தால் இந்த இலவச எண்ணைக் கூப்பிடலாம் என்று போட்டிருந்தாய். யாரும் பேச ஆரம்பிக்கும் முன்பே எனக்கு வந்துவிட்டது. உன் அம்மா சபைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள், அப்புறம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது. நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மலாயா வீட்டுக்கு வந்தாள். டீயைக்கூடத் தொடவில்லை. "பௌலுசி, உன் அக்கா உன் கிட்ட வந்து அனுமதி கேக்கறா. அன்னிக்கு அவகிட்ட ஒருத்தனும் கேக்கல. நீ இவள வாசல்லயே நிக்க வெக்கறியா?" என்றாள். நான் பேனா, நாய் என்று ஏதோ ஆரம்பித்தேன். "நிறுத்துடா. மலைக்குப் பின்னாடி அவகூட ஒளிஞ்சிருந்தது நான். எல்லாத்தையும் பாத்தேன். அம்பத்து நாலு வருஷமா வாயத் தெறக்கல. ஆனா அவ வந்து எம்முன்னாடி உக்காந்து கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீ முந்திக்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் போன பிறகு பார்த்தால் அது கோபமில்லை, பயம்.

வியாழக்கிழமை கூட்டம் நடந்தது, நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உனக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். கடிதம் இதோடு இருக்கிறது, சிமியோனி இரண்டு இடத்தில் முத்திரை குத்தியிருக்கிறார், ஒன்று தலைகீழ். நிபந்தனை இரண்டு. கண்டுபிடித்ததை எல்லாம் முதலில் இங்கே வந்து ஊர்க் கூடத்தில் நம் மொழியில் சொல்லவேண்டும், சாப்பாடும் போடவேண்டும். இரண்டாவது மலாயா வைத்தது. பேசுகிறவர்களின் பெயரை மறைத்து ஒன்று, இரண்டு என்று எண் கொடுப்பேன் என்றிருந்தாயே, அது கூடாது. "சின்ன வயசுல சர்க்காருல எங்க கழுத்துல பேருக்குப் பதிலா நம்பர் போட்ட வில்லையத் தொங்கவிட்டாங்க. அதக் கழட்டி நாப்பது வருஷமாச்சு, இவ மறுபடி மாட்டறாளா? பேருக்குப் பதிலா நம்பர் எழுதித்தான் அஞ்சு பேரத் தொலைச்சாங்க" என்று அவள் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. உன் பல்கலைக்கழகம் முனகினால் முனகட்டும்.

இனி நான் முந்திக்கொள்கிறேன். உன் கேள்விப் பட்டியலில் நாலாவது கேள்வி, அழைத்துச் செல்லும்போது குடும்பத்தாரின் சம்மதம் பெறப்பட்டதா என்பது. ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறாய். எந்தக் கட்டத்திலும் நான் அடங்கவில்லை. கப்பல்காரர்கள் கரைக்கு வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று உன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் நம் குடும்பக் கதையாக எழுதியிருக்கிறாய். அது நான் ஆறு வயதில் சொன்ன பொய். எங்கள் அம்மா முந்தின குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தாள், அப்பா கரையை விட்டு வெகுதூரம் உள்ளே கலைமான் வேட்டையில் இருந்தார், பதினாலு வயதில் அக்காதான் எனக்குச் சோறும் தோல் காலணியும் தந்தவள். கோடையில் கப்பல் வந்தது, எல்லாரும் ஏறி மார்பை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றார்கள். அவளுக்கு இருமல் இருந்தது. கப்பல் போகும்வரை மலைக்குப் பின்னால் இருந்துவிடுவது என்று அவளும் மலாயாவும் பேசிவைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பலில் குழந்தைகளுக்கு ஜாம் தடவிய பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் கல்லில் புரண்டு அழுதேன். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கப்பலில் அவள் கையில் மையால் ஏதோ எழுதினார்கள், இவள் இறங்கக் கூடாது என்றார்கள். என்னைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக் கையசைத்தாள். நான் கையசைக்கவில்லை, இரண்டு கையிலும் பிஸ்கட் இருந்தது. அப்பா வந்து கேட்டபோது, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். இரண்டு வருடம் கழித்துப் பாதிரியார் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவள் இல்லை என்று படித்தார். அப்போதும் அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் சாகும்போதும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியாது. இரண்டாம் பக்கத்தைத் திருத்திவிடு. என் பெயரைப் போட்டே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஜூனில் பனி உடைவதற்கு முன்னால் வந்துவிட்டால் முகாமுக்கு எல்லாரும் ஒன்றாகப் போகலாம், கூடாரம் தைக்கிற பெரிய ஊசி ஒரு பொட்டலம் வாங்கிவர மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் உன் மூச்சு சீராகவும் உன் பாதை கெட்டியாகவும் இருக்கட்டும் என்று நானும் உன் அம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது மகளாக எழுதாதே, மகள் எப்படியும் மன்னித்துவிடுவாள். அக்காவாக எழுது. அவளுக்குக் கோபமா என்று உன்னைத் தவிர வேறு யாரிடம் நான் கேட்பேன்.

உன் தம்பி,
பௌலுசி