சதீஷின் பென்டிரைவ்

ஞாயிறு, ராத்திரி

சோறு இறங்கவில்லை.

என் பழைய கேம் கன்சோலில் பென்டிரைவ் எடுக்க வைக்க நானே ஒரு புரோகிராம் எழுதி ஒரு மாதமாக மாரடித்தேன். இன்றைக்குத்தான் எடுத்தது. சந்தோஷத்தில் கொரட்டூர் சதீஷை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "என்னுதுல நெறைய கேம் கீது மச்சான், போட்டுப் பாரு" என்று சாவிக்கொத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போன் பேச மாடிக்குப் போனான்.

மறைத்து வைத்த ஃபோல்டரை மறைத்தே வைக்க என் புரோகிராமுக்கு இன்னும் நான் சொல்லித் தரவில்லை. அது எல்லாவற்றையும் காட்டும். அவனுக்கு அது தெரியாது. 'டிரெயின்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. ஏதோ ரயில் கேம் என்று திறந்தேன்.

எல்லாம் போட்டோ. பட்டாபிராம் லோக்கல் டிரெயினில் வருகிற பொம்பளைகள். தூங்குகிறவர்கள், கம்பியைப் பிடித்து நிற்கிறவர்கள். ஒருத்திக்கும் தெரியாமல் எங்கெங்கேயோ குறிவைத்து எடுத்திருக்கிறான். த்தூ. தள்ளிக்கொண்டே போனால், ஜன்னலில் சாய்ந்து தூங்குவது என் தங்கச்சி கவிதா. மடியில் அவள் டிபன் பை.

இறங்கி வந்தான். "இன்னா மாமே, எடுக்குதா?"

"எடுக்கல. வெச்சிட்டுப் போ, பாக்கறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பென்டிரைவ் இன்னும் கன்சோலில்தான் சொருகியிருக்கிறது. தொடவே கூசுகிறது.

அவன் கிளம்பும்போது கவிதா, "சாப்ட்டுப் போங்கண்ணா" என்றாள். உட்கார்ந்தான். நன்றாகவே சாப்பிட்டான். மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டான்.

அவள்தான் ஊற்றினாள்.